சங்கத்துக்கு இலச்சினை: சொல்லில் தொடங்கிப் பதிவு வரை முழுமையான வழிகாட்டி

இலச்சினை செய்யலாம் என்று முடிவானதும் பெரும்பாலானோர் நேராகப் போவது டிடிபி கடைக்கு. அங்கே இணையத்திலிருந்து ஒரு கேடயம் இறங்கும். இரண்டு பக்கமும் சிங்கம், உச்சியில் கிரீடம், அடியில் ரிப்பன், ரிப்பனில் சங்கத்தின் பெயர். ஒரு மணி நேரத்தில் படம் கைக்கு வந்துவிடும். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். ரப்பர் ஸ்டாம்ப் செய்தால் கறுப்புத் திட்டாக விழும். பதிவுக்கு விண்ணப்பித்தால் ஆட்சேபணை வரும். இரண்டு ஆண்டு கழித்து மூலக் கோப்பைக் கேட்டால், கம்ப்யூட்டர் மாற்றிவிட்டோம் என்பார்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து வில்லியனூர் வரை விளையாட்டுக் குழு, முன்னாள் மாணவர் சங்கம், சிறிய பள்ளி என்று பலருக்கு இந்த வேலையில் கூட இருந்திருக்கிறேன். நான் பார்த்த தடுமாற்றம் பெரும்பாலும் வரிசை மாறியதால் வந்தது. படம் பின்னால் வர வேண்டியது. அதற்கு முன் சட்டத் தடை, அப்புறம் சொல்லால் ஒரு விவரணை, அப்புறம் நிறம், அப்புறம் தேடல். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் நீதிமன்றம், கனடாவில் 1988-இல் அமைந்த மரபுச்சின்ன (ஹெரால்ட்ரி, அதாவது கேடயச் சின்ன மரபு) ஆணையம் என்று சில நாடுகளில் சின்னம் வழங்கவே அலுவலகம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. 'அரசு அங்கீகாரம் பெற்ற எம்ப்ளம்' வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கே எதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் சட்டங்கள் இருக்கின்றன. நாம் உருவாக்கியதைக் காத்துக்கொள்ள டிரேட் மார்க் பதிவும் பதிப்புரிமையும் இருக்கின்றன. வேலை முழுக்க இவற்றுக்கு இடையில்தான் நடக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கப் பதிவுச் சான்றிதழ், துணைவிதிகளின் நகல், சங்கத்தின் பான் அட்டை, அலுவலக முகவரிச் சான்று. முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட குழு. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில் ஏழு பேருக்கும் பிடித்த பொருள் ஒவ்வொன்றும் கேடயத்துக்குள் நுழைந்துவிடும்.

பணம் என்று பார்த்தால், வரைபவர் கூலி தவிர, டிரேட் மார்க் பதிவுக்கு இணையம் வழி ஒரு வகுப்புக்கு (அதாவது பொருள் அல்லது சேவையின் ஒரு வகைக்கு) 9,000 ரூபாய் அரசுக் கட்டணம். தனிநபர், சிறு தொழில், ஸ்டார்ட்அப் என்றால் 4,500. சங்கம் இந்தச் சலுகைக்குள் வராது என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐந்தாம் படி வரைக்குமே ஒரு மாதம் ஆகும்.

1. சின்னம் யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

உரிமையாளர் யார் என்பது முதலில் தெரிந்தால்தான், பின்னால் வரும் எல்லாத் தாளிலும் ஒரே பெயர் இருக்கும். சங்கமா, அதன் கீழ் இயங்கும் அணியா, பள்ளியை நடத்தும் அறக்கட்டளையா? பள்ளிகளில் இந்தக் குழப்பம் அதிகம். பள்ளியின் பெயரில் சின்னம், அறக்கட்டளையின் பெயரில் பில், தலைமை ஆசிரியரின் பெயரில் விண்ணப்பம் என்று மூன்று பெயர் வந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கடலூர்ச் சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவாகியிருக்கும். புதுச்சேரியில் பழைய 1860 சட்டம். எல்லையில் உள்ள சோரியாங்குப்பம் தாண்டினால் சட்டம் வேறு என்பதால், பக்கத்து ஊர்ச் சங்கத்தின் துணைவிதியை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இன்னும் பதிவே ஆகவில்லை என்றால், அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

2. தடைகளைப் படம் வரைவதற்கு முன் படியுங்கள்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். ஆசையாக வரைந்த படத்தைப் பிறகு வெட்டச் சொன்னால் மனம் வராது. அதனால் இதை முதலில் முடியுங்கள்.

நான்முகச் சிங்கம். இந்திய அரசின் இலச்சினையைக் காப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த 2007 விதிகளும். அரசோடு தொடர்பு இருப்பது போன்ற எண்ணத்தை உண்டாக்கும் வகையில் அதையோ, அதைப் போலத் தோன்றும் எதையுமோ அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சட்டம் சொல்லும் தண்டனை 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சங்கங்கள் தங்கள் கடிதத்தாளிலோ, பேட்ஜிலோ, கொடியிலோ வைக்கக் கூடாது என்று விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்எல்ஏ, ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஆகியோருக்கும் இதே தடை உண்டு. 'எங்கள் கௌரவத் தலைவர் ரிட்டையர்டு அதிகாரி, அதனால் போடலாம்' என்று பலர் நம்புகிறார்கள். போடக் கூடாது.

'போலத் தோன்றும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிங்கத்துக்குப் பதில் மூன்று புலியை முதுகோடு முதுகாக நிறுத்தி, கீழே சக்கரம் வைத்த பேட்ஜை நான் பார்த்திருக்கிறேன். மனித உரிமை என்ற பெயரில் இயங்கும் அமைப்பு ஒன்றினுடையது. அந்த வடிவமே பார்ப்பவருக்கு 'அரசு' என்று சொல்லிவிடுகிறது. விலங்கை மாற்றியதால் தப்பித்துவிட முடியாது.

1950 சட்டத்தின் பட்டியல். சின்னங்களும் பெயர்களும் முறையற்றுப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் இந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. ஐ.நா.வின் சின்னம், தேசியக் கொடி, மத்திய, மாநில அரசுகளின் முத்திரை, மகாத்மா காந்தியின் படம், ஒலிம்பிக் ஐந்து வளையம் எல்லாம் அதில் வருகின்றன. வணிகத்துக்கும் தொழிலுக்கும் டிரேட் மார்க்குக்கும் இவற்றைப் பயன்படுத்த முடியாது. 'நாங்கள் வியாபாரம் செய்யவில்லையே' என்று விளையாட்டுக் குழுக்கள் கேட்பதுண்டு. சரி, ஆனால் நாளைக்கு டி-ஷர்ட் விற்றாலோ, பதிவுக்குப் போனாலோ அதே வளையம் குறுக்கே நிற்கும். மத்திய அரசு இந்தப் பட்டியலில் அவ்வப்போது பெயர்களைச் சேர்க்க முடியும். ஆகவே புத்தகத்தில் இருக்கும் பழைய பட்டியலை நம்பாமல் இப்போதைய பிரதியைப் பாருங்கள்.

கோபுரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோயில் கோபுரம், அதன் முன் சிங்கத் தூண், இரு பக்கமும் தேசியக் கொடி, 'வாய்மையே வெல்லும்'. பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை வரைய உங்களுக்குத் தடையில்லை. ஆனால் அதை வட்டத்துக்குள் வைத்து, இரு பக்கமும் கொடி நட்டு, கீழே அதே வாசகத்தையும் எழுதினால் அது அரசு முத்திரையின் சாயல். கோபுரம் வேண்டும் என்றால் வட்டத்தையும் கொடியையும் வாசகத்தையும் விட்டுவிடுங்கள்.

செஞ்சிலுவை. ரத்ததானக் குழுக்களும் ஆம்புலன்ஸ் நடத்துபவர்களும் இதைத் தங்களுக்கு உரியது என்றே நினைக்கிறார்கள். வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை, செம்பிறை ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்த ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் 1960 தடை விதிக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுச் சிவப்பில் வெள்ளைச் சிலுவை வைத்தால் அது சுவிட்சர்லாந்தின் சின்னம். அதற்கும் அதே சட்டத்தில் தடை. ஒரு துளி, ஒரு கை, ஒரு விளக்கு என்று வேறு வழி நிறைய இருக்கிறது.

பேராயரின் தொப்பியும் குஞ்சமும். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பள்ளிகள், பங்கு இளைஞர் மன்றங்கள் பேராயரின் சின்னத்தையே சற்று மாற்றிப் போட்டுக்கொள்வது உண்டு. அது மறைமாவட்டத்துக்குப் பொதுவான படம் இல்லை, அவரது சொந்தச் சின்னம். அதில் அகன்ற பச்சைத் தொப்பியும், பக்கத்துக்குப் பத்துக் குஞ்சமும், இரட்டைக் குறுக்குச் சிலுவையும் பேராயர் என்ற பதவியைச் சொல்கின்றன. ஆயருக்குப் பக்கத்துக்கு ஆறு குஞ்சம், கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பியில் பதினைந்து. பள்ளிக்கு அந்தப் பதவி எதுவும் இல்லாததால் தொப்பியும் வேண்டாம். கேடயத்துக்குள் ஒரு சிலுவை வைத்தால் போதும்.

சட்டத்தில் இல்லாத, ஆனால் ஊரில் இருக்கும் தடைகள். நமக்குக் கிழக்கே கடல். கடலிலிருந்து எழும் சூரியனை வரைய எல்லோருக்கும் ஆசை. ஆனால் கதிரோடு எழும் அரைச் சூரியனை இந்த ஊர் ஒரே ஒரு பொருளில்தான் படிக்கும். இரட்டை இலை, தாமரை, மாம்பழம், கை எல்லாமே அப்படித்தான். சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். சண்டையை நீங்களே விலைக்கு வாங்காதீர்கள். சோழர் புலியை வைக்க நினைப்பவர்கள் பக்கவாட்டில் அமர்ந்த புலியாக வையுங்கள். நேர் முகம் காட்டிப் பாயும் புலித்தலை, சுற்றிலும் தோட்டா வளையம் என்றால் அது தடை செய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமாகிவிடும்.

3. படத்துக்கு முன் சொல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நீங்கள் பின்பற்றப் போகிறீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

ஐரோப்பிய மரபுச்சின்ன முறையில் சின்னம் என்பது படம் இல்லை, வாக்கியம். என்ன நிறத் தளம், அதில் என்ன பொருள், எத்தனை, எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று எழுதிவைத்த விவரணைதான் நிலையானது. அதை எந்த ஓவியரும் தன் கைக்கு ஏற்றபடி வரையலாம். விவரணைக்குப் பொருந்தினால் எல்லாமே அதே சின்னம். இதனால் நமக்கு என்ன லாபம்? கடையில் கோப்பு அழிந்தாலும் சின்னம் அழியாது. சுவரில் பெயின்டர் வரைவதும், கொடியில் தையல்காரர் தைப்பதும், மொபைலில் தெரிவதும் ஒன்றாகவே இருக்கும்.

எழுதும் வரிசை இது. முதலில் தளத்தின் நிறம். அடுத்து முக்கியப் பொருள், அதன் எண்ணிக்கை, நிறம், நிலை. அப்புறம் துணைப் பொருள், அது இருக்கும் இடம். கடைசியில் வாசகம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முன்னாள் மாணவர் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு இப்படி எழுதலாம்: 'நீலக் கேடயம், நடுவில் நிமிர்ந்த பொன்னிறப் பாதிரிப்பூ ஒன்று, அடியில் வெள்ளி அலைக்கோடு இரண்டு.' பூ ஊரின் பெயர். அலை கெடிலம் ஆறு. அவ்வளவுதான்.

ஊரின் பெயருக்குள் ஒளிந்திருக்கும் பொருளை எடுப்பது மரபுச்சின்ன உலகில் மதிப்பான முறை. பார்த்ததும் பெயரைச் சொல்லும் சின்னம் மறக்காது. பாதிரிப்பூவும் புலியும் ஒரே பெயரில் கிடைக்கும் ஊர் நம்முடையது என்று எனக்குப் பெருமை உண்டு. இரண்டையும் ஒரே கேடயத்தில் வைக்காதீர்கள், ஒன்று போதும். பண்ருட்டிக்குப் பலாவும் முந்திரியும், பிச்சாவரத்துக்குச் சுரபுன்னையின் வேர், தேவனாம்பட்டினத்துக்குக் கட்டுமரம். புதுச்சேரி தனக்கென அறிவித்துக்கொண்ட நாகலிங்கப் பூ, வில்வம், அணில், குயில் எல்லாம் நான்கு கோட்டில் வரையக் கூடியவை. குறிப்பாக நாகலிங்கப் பூவின் வடிவம் வேறு எதனோடும் குழம்பாது.

விவரணை சரியா என்று பார்க்க ஒரு சோதனை. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேரிடம் வாக்கியத்தை மட்டும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அழகு முக்கியமில்லை. இரண்டு படமும் ஒரே சின்னம் என்று மூன்றாவது ஆள் சொன்னால் விவரணை தேறிவிட்டது. இல்லையென்றால் எங்கே பிரிந்ததோ அந்தச் சொல்லைத் திருத்துங்கள். 'கடற்கரைக் காட்சி' என்று எழுதியிருந்த ஒரு குழுவுக்கு இந்தச் சோதனையில் ஒன்றில் தென்னை மரமும் ஒன்றில் கலங்கரை விளக்கமும் வந்தன.

வழக்கமாக நடக்கும் தவறுகள்:

புத்தகம், விளக்கு, சக்கரம், பேனா, படகு, நெற்கதிர் என எல்லாவற்றையும் அடைப்பது. இரண்டு சென்டிமீட்டரில் எதுவும் தெரியாது. மூன்று பொருளுக்கு மேல் போகாதீர்கள்.

மாவட்ட வரைபடத்தை வைப்பது. புதுச்சேரி என்றால் காரைக்கால், மாகே, ஏனாம் என்று நான்கு துண்டு. முத்திரையில் அது மைக்கறை போல விழும்.

கேடயத்துக்குள் எழுத்து வைப்பது. பெயரும் ஆண்டும் வெளியே, ரிப்பனிலோ வட்டத்திலோ இருக்கட்டும். படம் பேச வேண்டிய இடத்தில் எழுத்து பேசினால் சின்னம் எதற்கு?

வலம், இடம் குழம்புவது. மரபுச்சின்னத்தில் வலம் என்றால் கேடயத்தை ஏந்தி நிற்பவரின் வலம், அதாவது பார்க்கும் நமக்கு இடப்பக்கம். விலங்கு, பறவை, படகு எல்லாம் அந்தப் பக்கம் பார்த்து இருப்பதே வழக்கம். 'பார்ப்பவருக்கு இடப்பக்கம் நோக்கிய குயில்' என்று எழுதிவிடுங்கள். டி-ஷர்ட் அச்சில் படம் திரும்பிப் போனால் அந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கும்.

4. நிறத்தை விதிப்படி தேர்ந்தெடுங்கள்

மரபுச்சின்ன முறையில் நிறங்கள் இரண்டு சாதி. பொன்னும் வெள்ளியும் உலோகம். மஞ்சளும் வெள்ளையுமாக அவற்றை வரைவார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் வைக்காதே, வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்காதே என்பதே விதி. காரணம், தூரத்தில் தெரிய வேண்டும். நீலத்தின் மேல் பச்சை மரம் வரைந்த கொடியைக் கடலூர் சில்வர் பீச்சில் ஐம்பது அடி தள்ளி நின்று பாருங்கள். மரமே இருக்காது. அதே மரத்தை வெள்ளைத் தளத்தில் வைத்தால் பளிச்சென்று நிற்கும்.

மொத்தம் இரண்டு அல்லது மூன்று நிறம் போதும். கொடி தைப்பவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கூலி கேட்பார் என்பது ஒரு பக்கம். உப்புக்காற்றில் நிறம் வெளுக்கும்போது கலவை நிறங்கள் முதலில் அடையாளம் இழக்கும் என்பது இன்னொரு பக்கம். 'கடல் நீலம்', 'மயில் நீலம்' என்று விவரணையில் எழுதாதீர்கள், வெறும் 'நீலம்'. சரியான அச்சு எண்ணைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் ஸ்டாம்புக்கும் நகல் எடுத்த ரசீதுக்கும் நிறம் கிடையாது. அதற்கும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு வழி இருக்கிறது. நிறத்தைக் கோடாகப் போடுவது: சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, பச்சைக்குச் சாய்கோடு, கறுப்புக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்டம், பொன்னுக்குப் புள்ளி, வெள்ளிக்கு வெறுமை. பித்தளைத் தகட்டில் செதுக்கும்போது இது மிக அழகாக வரும். சிறிய ஸ்டாம்பில் மட்டும் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அங்கே கோடில்லாத வெறும் எல்லைக்கோட்டுப் படத்தையே பயன்படுத்துங்கள்.

5. வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்

டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசத் தேடல் உண்டு. பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. படச் சின்னங்களை வியன்னா குறியீட்டு எண்ணால் தேட வேண்டும். அதில் விலங்குக்கு 3, தாவரத்துக்கு 5, கேடயம், நாணயம், சின்னம் போன்றவற்றுக்கு 24 என்று பெரும்பிரிவுகள் உண்டு. உங்கள் விவரணையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் வகுப்பில் தேடுங்கள். விவரணை எழுதியிருந்தால் இந்தத் தேடல் அரை நாள் வேலை. எழுதவில்லை என்றால் எதைத் தேடுவது என்றே தெரியாது.

வெளிநாட்டு அரசுச் சின்னங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தின்படி காக்கப்படும் கொடிகளையும் இலச்சினைகளையும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தரவுத்தளத்தில் பார்க்கலாம். பிரெஞ்சுத் தொடர்பைக் காட்ட நினைக்கும் புதுச்சேரிக் குழுக்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் கால் நடையாக ஒரு தேடல். அக்கம்பக்கத்துப் பள்ளி வாசல்கள், குழுக்களின் பேனர்கள், கூட்டுறவுச் சங்கப் பலகைகள். பதிவாகாத சின்னங்கள் இங்கேதான் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு குழுவுக்கும் கட்டுமரம் என்றால் சட்டம் தேவையில்லை, முதல் கபடிப் போட்டியிலேயே தகராறு வரும்.

6. இப்போது வரையக் கொடுங்கள்

விவரணை, நிற அட்டவணை, தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். இலவச டெம்ப்ளேட்டிலிருந்தோ, இணையப் படத்திலிருந்தோ எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆயிரம் பேர் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டை உங்களுடையது என்று பதிவு செய்ய முடியாது.

திரும்ப வாங்க வேண்டியவை: எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு, நிறப் படம், கறுப்பு-வெள்ளைப் படம், எல்லைக்கோட்டுப் படம். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் எழுத்துருவே மாறி ஔகாரமும் கொம்பும் சிதறும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். மொபைலில் வாட்ஸ்அப் குழுப் படமாக வைத்துப் பாருங்கள். அது வட்டம் என்பதால் கேடயத்தின் மூலைகள் வெட்டுப்படும். அப்புறம் ஒரு ஏ3 தாளில் அச்சிட்டுத் தெருவின் மறு ஓரத்திலிருந்து பாருங்கள்.

7. உரிமையை எழுதி வாங்குங்கள்

'காசு கொடுத்தோம், படம் நம்முடையது' என்பது பரவலான நம்பிக்கை. வரைபவர் உங்கள் ஊழியர் இல்லை என்றால், பதிப்புரிமை அவரிடமே நின்றுவிட வாய்ப்பு உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும்.

எழுதி வாங்கியவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு காலத்துக்கு என்று தாளில் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும்.

ஆகவே வாசகம் இப்படி இருக்கட்டும்: 'இணைப்பில் உள்ள இலச்சினையை நானே வரைந்தேன். அதன் பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், இன்ன தொகை பெற்றுக்கொண்டு இன்ன சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை மாற்றம் நீடிக்கும்.' படத்தை அதே தாளில் ஒட்டி, படத்தின் மேலும் கையெழுத்து வாங்குங்கள். மாணவரோ உறுப்பினரோ இலவசமாக வரைந்து கொடுத்தாலும் இது வேண்டும். அன்பாகக் கொடுத்ததற்கு எதற்குத் தாள் என்று கூச்சப்பட வேண்டாம். நிகழ்ச்சிகளில் அவர் பெயரைச் சொல்லி மரியாதை செய்யுங்கள், தாளிலும் கையெழுத்து வாங்குங்கள்.

8. தீர்மானம் போடுங்கள்

பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, விவரணையைச் சொல்லுக்குச் சொல் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படத்தை இணைப்பாக ஒட்டுங்கள். நிர்வாகம் மாறும்போது புதியவர்கள் சின்னத்தை மாற்றப் பார்ப்பார்கள். எழுதிய தீர்மானம் இருந்தால் குறைந்தது யோசிப்பார்கள்.

துணைவிதிக்குள் சின்னத்தைச் சேர்க்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். பிறகு ஒரு சிறு திருத்தத்துக்கும் துணைவிதித் திருத்தம் செய்து பதிவாளரிடம் போய் நிற்க வேண்டும்.

9. டிரேட் மார்க் விண்ணப்பம்

எல்லாச் சங்கத்துக்கும் இது கட்டாயமில்லை. பயிற்சி நடத்தினால், சட்டை, தொப்பி விற்றால், பெயரை வைத்து நன்கொடை வாங்கினால் செய்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பதிவகம், சென்னை கிண்டியில். இணையம் வழியே டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 45 வகுப்புகள். கல்வி, விளையாட்டு, கலை நிகழ்ச்சிக்கு 41; ஆடைக்கு 25. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால் இப்போது உண்மையில் செய்யும் வேலைக்கு மட்டும் போடுங்கள்.

படத்தைக் கறுப்பு-வெள்ளையில் கொடுப்பது பெரும்பாலும் நல்லது. நிற வரம்பு இல்லாமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே டிரேட் மார்க் சட்டம் கருதும். நிறக்கோடு போட்ட படத்தைக் கொடுக்காதீர்கள். கோடுகளும் சின்னத்தின் பகுதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

விண்ணப்பித்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பரிசோதனை அறிக்கை மின்னஞ்சலில் வரும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். செயலாளரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள், அவர் பதவி மாறியிருப்பார், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து மூன்று பேருக்குக் கடவுச்சொல் கொடுத்துவையுங்கள். அறிக்கையைத் தாண்டினால் டிரேட் மார்க் இதழில் வெளியாகும். அதன் பின் நான்கு மாதத்துக்குள் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

பதிவு முடியும் வரை வட்டத்துக்குள் 'ஆர்' குறியைப் போடாதீர்கள். பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது சட்டப்படி தவறு. 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

10. ஒரே பக்கத்தில் பயன்பாட்டு விதி

நீளமான கையேடு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும். விவரணை, நிறங்கள், எந்த அளவுக்குக் கீழே எல்லைக்கோட்டுப் படம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். உறுப்பினர்கள் சொந்த விசிட்டிங் கார்டில் போடலாமா, கல்யாணப் பேனரில் போடலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். முதலிலேயே முடிவு சொல்லிவிடுங்கள். கார்டில் வேண்டாம், உறுப்பினர் இல்லத் துக்க நிகழ்வில் வைக்கும் மலர்வளையத்தில் இருக்கலாம் என்று ஒரு சங்கம் எழுதிவைத்தது. எனக்குப் பிடித்த விதி அது.

11. குடும்பத்துக்குச் சின்னம் கேட்பவர்களுக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும், கிறிஸ்தவக் குடும்பப்பெயர் உள்ளவர்களும் இதைக் கேட்பார்கள். குடும்பப்பெயரைத் தட்டினால் கேடயம் அச்சிட்டுத் தரும் இணையக் கடைகளை நம்பாதீர்கள். இங்கிலாந்து முறையில் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவரது வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவது. அதே குடும்பப்பெயர் இருப்பதால் மற்றவருக்கு உரிமை வராது. பிரான்சில் இப்போது சின்னம் வழங்கும் அரசு அலுவலகமே இல்லை. இன்னொருவருடையதாக இல்லாத வரை யாரும் தங்களுக்கென ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம், தகராறு வந்தால் நீதிமன்றம்.

ஆகவே வாங்க வேண்டாம், உருவாக்குங்கள். மேலே உள்ளதில் 2, 3, 4, 6-ஆம் படிகள் போதும். விவரணையைக் குடும்பத்தில் மூத்தவர் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். விற்பனைக்குப் பயன்படுத்தாத வரை பதிவு தேவையில்லை.